கழுத்துல நெறி கட்டி, ஊசி டெஸ்ட்ல 'நெக்ரோசிஸ்'னு வந்திருக்கு: டி.பி.யா, கிகுச்சியா, பயாப்ஸி அவசியமா?

நீங்க எழுதினதை நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சொல்றேன். தங்கச்சிக்கு 24 வயசு, அஞ்சு வாரமா வலது பக்கக் கழுத்துல நெறி கட்டியிருக்கு, தொட்டா வலிக்குது, சாயங்காலமானா காய்ச்சல், ரெண்டு தடவை ஆன்டிபயாட்டிக் குடுத்தும் கேக்கல, எஃப்.என்.ஏ.சி.ங்குற ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்ல 'நெக்ரோடைசிங் லிம்ஃபடினைட்டிஸ், டி.பி. இருக்கான்னு பார்க்கவும்'னு போட்டிருக்காங்க, டி.பி. கிருமியைத் தேடுற ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட் நெகட்டிவ். ஒரு டாக்டர் டி.பி. மாத்திரை ஆரம்பிச்சுடலாம்ங்குறார், இன்னொருத்தர் கட்டியை முழுசா எடுத்து சதை டெஸ்ட் பண்ணணும், கிகுச்சியா இருக்கலாம்ங்குறார். யார் சொல்றதைக் கேக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க கடைசி ரெண்டு வரியைப் படிச்சா, உண்மையில நீங்க கேக்குறது 'கேன்சர் இல்லைன்னு கத்தி வைக்காமலே யாராவது உறுதியா சொல்ல மாட்டாங்களா'ங்குறது தான்னு தோணுது. ரெண்டுக்கும் சேர்த்தே சொல்றேன்.

நான் பெதாலஜிஸ்ட். இந்த மாதிரி எடுத்து அனுப்புற நெறிக்கட்டிகளை மைக்ராஸ்கோப்ல பார்த்து ரிப்போர்ட் எழுதுறது தான் இருபது வருஷத்துக்கு மேலா என் வேலை. உங்க தங்கச்சியை நான் பார்க்கல, ஸ்லைடையும் பார்க்கல, அதனால அவங்களுக்கு இருக்கறது கிகுச்சி தான்னோ இல்லைன்னோ நான் சொன்னா அது தப்பு. ஆனா எந்த வரிசையில போனா சரியான பதில் கிடைக்கும், எந்த வரிசையில போனா பதில் கடைசி வரைக்கும் கிடைக்காமலே போயிடும்னு உறுதியா சொல்ல முடியும். ரெண்டாவது டாக்டர் சொல்றது தான் சரி. டி.பி. மாத்திரைக்கு முன்னாடி, முக்கியமா ஸ்டீராய்டு எதுவும் குடுக்குறதுக்கு முன்னாடி, ஒரு கட்டியை முழுசா எடுத்துப் பாருங்க.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கிகுச்சி நோயைப் பத்திக் கொஞ்சம். 1972ல ஜப்பான்ல கிகுச்சிங்குற பெதாலஜிஸ்ட் ஒருத்தரும், ஃபுஜிமோட்டோவும் அவர் கூட இருந்தவங்களும், ஒருத்தரை ஒருத்தர் சாராம தனித்தனியா, அதே வருஷத்துல இதை எழுதினாங்க, அதனால தான் கிகுச்சி-ஃபுஜிமோட்டோ நோய்னு ரெண்டு பேர் பேரும் சேர்ந்து வருது. பெரும்பாலும் 40 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு வரும், 244 பேரோட விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்புல பத்துல ஏழு பேர் 30 வயசு கூட ஆகாதவங்க. பொண்ணுங்களுக்கு அதிகம், ஆனா ஆரம்பத்துல நாலுக்கு ஒண்ணுன்னு சொன்ன அந்த வித்தியாசம் பிற்பாடு வந்த ஆய்வுகள்ல அவ்வளவு பெருசா இல்ல. ஆசியாவுல இருக்கறவங்ககிட்ட கூடுதலா பார்க்குறோம், அதுக்கு எதிர்ப்பு சக்தியோட சம்பந்தப்பட்ட ஒரு சில எச்.எல்.ஏ. மரபணு வகைகள் நம்ம பக்கம் அதிகமா இருக்கறது ஒரு காரணமா இருக்கலாம்னு நினைக்கிறாங்க. எதனால வருதுன்னா, இன்னைய தேதி வரைக்கும் நிரூபணமான காரணம் எதுவும் இல்ல. எப்ஸ்டீன்-பார் வைரஸ், எச்.எச்.வி.-6, பார்வோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மான்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டுப் பார்த்தாச்சு, எதுவும் நிக்கல. ஏதோ ஒரு கிருமிக்கு உடம்போட எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறி பதில் சொல்றதுங்குறது தான் பொதுவான கருத்து, ஆனா அது கருத்து தான். அதனால உங்க தங்கச்சி என்ன சாப்பிட்டதால வந்துச்சு, எந்தத் தண்ணில குளிச்சதால வந்துச்சுன்னு வீட்ல யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்.

இது கேன்சர் இல்ல, ஒட்டிக்கிற நோயும் இல்ல. ஒண்ணுலேர்ந்து நாலு மாசத்துக்குள்ள பெரும்பாலானவங்களுக்குத் தானாவே அடங்கிடும். உங்க பிரச்சினையோட மையமே இந்த 'தானாவே'ங்குறதுல தான் இருக்கு. அஞ்சு வாரமா கட்டி இருக்குற ஒரு பொண்ணுக்கு டி.பி. மாத்திரையை ஆரம்பிக்கிறோம்னு வைங்க, உண்மையில அவங்களுக்கு இருக்கறது கிகுச்சி. ரெண்டு மாசத்துல கட்டி கரையும், காய்ச்சல் போகும். உடனே எல்லாரும் என்ன சொல்லுவோம், 'பார்த்தீங்களா, டி.பி. தான், மருந்து கேக்குது'ன்னு சொல்லி மீதி நாலு மாசமும் முழுங்க வைப்போம். எந்த மருந்தைக் குடுத்திருந்தாலும், எதுவுமே குடுக்காம இருந்திருந்தாலும், அந்தக் கட்டி அதே நேரத்துல கரைஞ்சிருக்கும். இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணும் நடக்கும், உண்மையாவே டி.பி. நெறிக்கட்டி இருக்கறவங்கள்ல கணிசமான பேருக்கு, சரியான மருந்தை ஒழுங்கா சாப்பிடும் போதே கட்டி பெருசாகும், புதுசா பக்கத்துல இன்னொண்ணு வரும், பாரடாக்ஸிகல் ரியாக்ஷன்னு பேர், மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம் இல்ல. ஆக கிகுச்சி மருந்து கேட்ட மாதிரி தெரியும், டி.பி. மருந்து கேக்காத மாதிரி தெரியும். 'மாத்திரை குடுத்துப் பார்ப்போம், கேட்டா அது தான் நோய்'ங்குற வழி, நெறிக்கட்டி விஷயத்துல அவ்வளவு தூரம் ஏமாத்தும்.

முதல் டாக்டரைத் தப்பா நினைக்காதீங்க. நம்ம நாட்டுல கழுத்துல நெறி கட்டி ஒரு மாசத்துக்கு மேல இருந்தா முதல்ல டி.பி. தான் நினைக்கணும், நினைக்காம விட்டா தான் தப்பு. அந்தக் காலத்துல கண்டமாலைன்னு சொன்னதுல பெரும்பகுதி இது தான். ஆனா ஆறு மாசத்துக்கு ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால், முதல் ரெண்டு மாசம் கூடவே பைராசினமைட், இது சாதாரணமா முழுங்குற மாத்திரை இல்ல. கல்லீரல் பாதிக்கும், மஞ்சள் காமாலை வரலாம், எத்தாம்பியூட்டால் அபூர்வமா கண் நரம்பைத் தொடும். டி.பி. இருந்தா இதெல்லாம் தாங்கிக்கிட்டு கட்டாயம் சாப்பிடணும், ஒரு நாள் கூட விடக்கூடாது. இல்லாத நோய்க்கு எதுக்கு? அதோட, கல்யாண வயசுல இருக்குற பொண்ணுக்கு டி.பி.ன்னு பேர் வைக்கிறது நம்ம ஊர்ல என்னவெல்லாம் பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்படி ஒதுக்குறதே அநியாயம்ங்குறது வேற விஷயம், ஆனா அது நடக்குது.

இப்போ இருக்குற டெஸ்ட்டுகள் எவ்வளவு தூரம் சொல்லும்னு பார்ப்போம். ரத்தத்துல கிகுச்சின்னு காட்டுற டெஸ்ட் எதுவும் கிடையாது. வெள்ளை அணுக்கள் குறைவா இருக்கும் சிலருக்கு, கால்வாசிப் பேர்லேர்ந்து பாதிப்பேர் வரைக்கும்னு சொல்லலாம், உடம்புல அழற்சி இருக்குன்னு காட்டுற இ.எஸ்.ஆர். ஏறியிருக்கும், செல்கள் அழியுறப்ப ஏறுற எல்.டி.எச்.சும் ஏறியிருக்கலாம். நம்ம ஊர்ல காய்ச்சலோட வெள்ளை அணு குறைஞ்சா உடனே டெங்கு, டைஃபாய்டுன்னு போவாங்க, அஞ்சு வாரக் காய்ச்சலுக்கு டெங்கு பொருந்தாது. ஸ்க்ரப் டைஃபஸ் கேட்டுக்கலாம், தமிழ்நாட்டுல நல்லாவே இருக்கு, காய்ச்சலோட நெறி கட்டும், உடம்புல மறைவான இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருக்கான்னு பார்க்கணும், ஆனா அது இவ்வளவு நாள் இழுக்காது. கையில ஊசி போட்டுப் பார்க்குற மாண்டூ டெஸ்ட் பாசிட்டிவ்னா, எப்பவோ டி.பி. கிருமி உடம்புக்குள்ள போயிருக்குன்னு தான் அர்த்தம், நம்ம நாட்டுல ஏகப்பட்ட ஆரோக்கியமான ஆளுங்களுக்கு அது பாசிட்டிவா வரும், இந்தக் கட்டி டி.பி.ன்னு அதை வெச்சு சொல்ல முடியாது. ஸ்கேன்ல நெறிக்கட்டியோட அளவு, வடிவம், உள்ள சீழ் கோத்திருக்கா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கான்னு தெரியும், டி.பி.ன்னா ஒட்டிக்கிட்டுக் கொத்தா இருக்கறது அதிகம், கிகுச்சில பொதுவா ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல தனித்தனியா, கழுத்தோட பின்பக்கச் சரிவுல, ஒரு பக்கமா இருக்கும், தொட்டா வலிக்கும். நீங்க சொன்னது இந்த ரெண்டாவது வர்ணனைக்குப் பக்கத்துல வருது, ஆனா விதிவிலக்கு ரெண்டு பக்கமும் நிறைய உண்டு. பெட் ஸ்கேன் எடுத்துட்டா கேன்சர் இல்லைன்னு தெரிஞ்சுடும்னு யாராவது சொன்னா அவ்வளவு பணத்தை அதுல போடாதீங்க, கிகுச்சி கட்டியும் அதுல நல்லா ஒளிரும், லிம்ஃபோமாங்குற நெறிக்கட்டி கேன்சரும் ஒளிரும், பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

ஜீன் எக்ஸ்பர்ட் பாசிட்டிவா வந்திருந்தா பேச்சே இல்ல, டி.பி. தான். நெகட்டிவ்ங்குறது அந்த அளவுக்கு உறுதி இல்ல, நெறிக்கட்டி டி.பி.ல கிருமிகள் எண்ணிக்கை கம்மியா இருக்கும், ஊசியில வந்த அந்த ஒரு துளியில கிருமி இல்லாம இருந்திருக்கலாம். எஃப்.என்.ஏ.சி.யும் அப்படித்தான். ஊசி வழியா வர்றது உதிரி செல்கள். நொறுங்கி உதிர்ந்த முறுக்கைப் பார்த்து முறுக்கு எப்படிச் சுத்தியிருந்ததுன்னு சொல்லச் சொன்னா எப்படியோ அப்படி, என்ன மாவுன்னு சொல்லலாம், சுத்து தெரியாது. கிகுச்சியை எஃப்.என்.ஏ.சி.ல சந்தேகப்பட முடியும், அனுபவம் உள்ளவங்க பிறை வடிவ நியூக்ளியஸ் (செல்லோட கரு) உள்ள ஹிஸ்டியோசைட்டையும் (செத்த செல்களை முழுங்குற செல்) சிதறிக் கிடக்குற நியூக்ளியஸ் தூளையும் பார்த்து 'இருக்கலாம்'னு எழுதுவாங்க, ஆனா அதை மட்டும் வெச்சுச் சரியாப் பிடிச்சது பாதிக்குப் பாதி அளவுல தான்னு ஆய்வுகளே சொல்லுது. உங்களுக்கு வந்த 'நெக்ரோடைசிங்'குற வார்த்தைக்கு செல்கள் செத்துப்போயிருக்குன்னு மட்டும் தான் பொருள். ஏன் செத்துச்சுன்னு அந்த ரிப்போர்ட் சொல்லல, எழுதினவங்க நேர்மையா அதோட நிறுத்தியிருக்காங்க.

முழுக் கட்டி கையில வந்தா நாங்க பார்க்குறது வேற. நெறிக்கட்டிக்குள்ள ஒரு அமைப்பு இருக்கு, அதுல பாராகார்ட்டெக்ஸ்னு ஒரு பகுதி, கிகுச்சில அங்கங்க திட்டுத்திட்டா அந்த இடம் செத்துப்போயிருக்கும், உடைஞ்ச நியூக்ளியஸ் தூள் தூளா கிடக்கும், சுத்தி ஹிஸ்டியோசைட்டுகள் அதை முழுங்கிக்கிட்டிருக்கும். இவ்வளவு அழிவு நடந்திருக்குற இடத்துல வழக்கமா நியூட்ரோஃபில்ங்குற வெள்ளை அணு குவிஞ்சு கிடக்கணும், இங்க அது இருக்கவே இருக்காது, பிளாஸ்மா செல்லும் அரிது. இருக்க வேண்டியது இல்லாம இருக்கறதே எங்களுக்குப் பெரிய துப்பு. டி.பி.ன்னா கிரானுலோமாங்குற செல் திரள், பல கரு உள்ள லாங்ஹான்ஸ் ஜயன்ட் செல், கூடவே தூள் எதுவும் மிச்சமில்லாத வழவழன்னு ஒரு கேசியேஷன் இருக்கும், சீல்-நீல்சன் சாயம் போட்டா சில நேரம் கிருமியே தெரியும். பூனை பிறாண்டி வர்ற நோய்ல நட்சத்திர வடிவ சீழ்க்கட்டி, அதுல நியூட்ரோஃபில் நிறைய. கஷ்டம் வர்றது ரெண்டு இடத்துல. ஒண்ணு லிம்ஃபோமா. கிகுச்சியோட ஆரம்பக் கட்டத்துல செத்த பகுதி கம்மியா, பெரிய பெரிய இம்யூனோபிளாஸ்ட் செல்கள் அதிகமா இருக்கும், பழக்கமில்லாத கண்ணுக்கு லிம்ஃபோமா மாதிரியே தெரியும். அமெரிக்காவுல டார்ஃப்மன், பெர்ரி ரெண்டு பேரும் 1988ல 108 கேஸ்களை அலசி எழுதினப்ப, அதுல கணிசமானவை முதல்ல லிம்ஃபோமான்னு தப்பா முடிவு பண்ணப்பட்டவை. இன்னைக்கு எந்த வகை செல்னு காட்டிக் குடுக்குற இம்யூனோ சாயங்கள் இருக்கறதால அந்த ஆபத்து நல்லாவே குறைஞ்சிருக்கு. சி.டி.68ஓட மயலோபெராக்ஸிடேஸும் சேர்ந்து பிடிக்கிற ஹிஸ்டியோசைட்டுகள், சி.டி.8 டி-செல்கள் மேலோங்கி இருக்கறது, சி.டி.123 பிடிக்கிற பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் கூட்டம், பி-செல் கம்மி, இதெல்லாம் சேர்ந்து வந்தா தைரியமா கையெழுத்து போடலாம்.

இன்னொரு கஷ்டம் லூபஸ், எஸ்.எல்.இ., அதாவது எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய். லூபஸ்னால வர்ற நெறிக்கட்டியும் கிகுச்சியும் ஸ்லைடுல கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இருக்கும். லூபஸ்ல ஹீமடாக்ஸிலின் பாடின்னு ஊதா நிறத் துணுக்குகளும், ரத்தக்குழாய் சுவர்ல டி.என்.ஏ. படிஞ்சிருக்கறதும், பிளாஸ்மா செல் அதிகமா இருக்கறதும் தெரிஞ்சா லூபஸ் பக்கம் சாயுவோம், ஆனா எல்லா லூபஸ் கட்டியிலயும் அது இருக்காது. இந்த இடத்துல மைக்ராஸ்கோப்புக்கு எல்லை இருக்கு. அதனால தான் கிகுச்சின்னு ரிப்போர்ட் எழுதினா நான் கீழ எப்பவுமே லூபஸுக்கான ரத்த டெஸ்டான ஏ.என்.ஏ. பாருங்கன்னு ஒரு வரி சேர்ப்பேன். ஏ.என்.ஏ. லேசா பாசிட்டிவ்னா பதற வேண்டாம், நல்லா இருக்கறவங்களுக்கும் வரும். டி.எஸ்.-டி.என்.ஏ., காம்ப்ளிமென்ட்ங்குற ரத்த டெஸ்ட்டுகள், யூரின்ல புரோட்டீன், கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், வெயில் பட்டா கன்னத்துல சிவப்பு, முடி கொத்தா கொட்டுறது, இதெல்லாம் சேர்த்து ருமட்டாலஜிஸ்ட் பார்த்துத் தான் முடிவு சொல்லணும். சிலருக்கு லூபஸ் கூடவே இருக்கும், சிலருக்கு முன்னாடியே இருந்திருக்கும், சிலருக்குக் கிகுச்சி சரியாகி ரொம்ப நாள் கழிச்சு வரும். பெரும்பாலானவங்களுக்கு வரவே வராது.

பயாப்ஸின்னு முடிவு பண்ணா சில விஷயத்தை நீங்களே வாய் விட்டுக் கேளுங்க, தப்பில்ல. ஒரு துண்டு வெட்டி எடுக்குறதை விட கட்டியை முழுசா எடுத்தா நல்லது. இருக்கறதுலயே பெருசா, கழுத்துல இருக்குறதா எடுக்கச் சொல்லுங்க, கைக்கு எட்டுதுன்னு தொடை இடுக்குல இருந்து எடுக்க வேண்டாம், அங்க எல்லாருக்குமே சின்னச் சின்னதா ஏதாவது இருக்கும். கழுத்தோட பின்பக்கச் சரிவுல தோள்பட்டையைத் தூக்குற நரம்பு ஒண்ணு மேலாப்புல ஓடுது, அதனால அனுபவமான சர்ஜன் கையில பண்றது முக்கியம். பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டே பண்ணிடுவாங்க, தழும்பு ரெண்டு மூணு சென்டிமீட்டர். அடுத்தது தான் நிறைய இடத்துல கோட்டை விடுற விஷயம்: எடுத்த கட்டியை மொத்தமா ஃபார்மலின்ல போட்டுட்டா அதுக்கப்புறம் டி.பி. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்குற டெஸ்ட், பண்ணவே முடியாது, கிருமி செத்துடும். ஒரு பகுதியை சலைன்ல போட்டு ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும், மீதியை ஃபார்மலின்ல எங்களுக்கும் அனுப்பணும். இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே சர்ஜன்கிட்ட சொல்லிடுங்க, தியேட்டர்ல நர்ஸ் கையில ஃபார்மலின் டப்பா மட்டும் தான் இருக்கும். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம் வரைக்கும் ஆகும், ஸ்லைடு ரிப்போர்ட் சில நாள்ல வந்துடும், இம்யூனோ சாயம் தேவைப்பட்டா இன்னும் கொஞ்ச நாள் கூட ஆகும்.

ஸ்டீராய்டைப் பத்தி மேல சொன்னதுக்கு விளக்கம். காய்ச்சல் தாங்கலைன்னு டெக்ஸாவோ பிரெட்னிசலோனோ சில பேர் எழுதிடுவாங்க, மெடிக்கல் ஷாப்லயே குடுத்துடறதும் உண்டு. லிம்ஃபோமாவா இருந்தா அதுவும் ஸ்டீராய்டுக்கு சுருங்கும், அப்புறம் பயாப்ஸி எடுத்தா எங்களுக்கு எதுவும் சொல்ல முடியாத திசு தான் கிடைக்கும். டி.பி.யா இருந்தா உள்ள பரவும். அதனால இப்போதைக்கு காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். கிகுச்சின்னு உறுதியானதுக்கப்புறம், ரொம்ப நாள் இழுத்தாலோ காய்ச்சல் விடாம அடிச்சாலோ ஸ்டீராய்டோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயினோ டாக்டர் குடுக்கலாம், அதுக்குப் பெரிய அளவுல ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதுவும் இல்ல, அங்கங்க குடுத்து நல்லா வேலை செஞ்ச அனுபவத்துல தான் குடுக்குறோம். நிறைய பேருக்கு அதுவும் தேவைப்படாது.

கேன்சர் பயத்துக்கு வர்றேன். கத்தி வைக்காம உறுதியா சொல்ல முடியாது, இது தான் நேர்மையான பதில். 24 வயசு, வலிக்கிற சின்னக் கட்டி, காய்ச்சல், இந்தப் படத்துல நான் முதல்ல வைக்கிறது டி.பி.யும் கிகுச்சியும் தான், லிம்ஃபோமா அதுக்குப் பின்னாடி. பின்னாடி இருக்குன்னு தான் சொல்றேன், இல்லைன்னு சொல்லல. அப்படியே லிம்ஃபோமான்னு வந்தாலும், இந்த வயசுல அதிகம் பார்க்குற ஹாட்ஜ்கின் வகை பெரும்பாலானவங்களுக்கு முழுசா குணமாகுற நோய், அதுக்கும் சீக்கிரம் தெரிஞ்சுக்கறது தான் உதவும். நடுவுல கட்டி வேகமா பெருசானா, எடை கணிசமா குறைஞ்சா, ராத்திரி துணி நனையுற அளவுக்கு வேர்த்தா, காறை எலும்புக்கு மேல புதுசா கட்டி வந்தா பயாப்ஸியை ஒரு வாரம் கூடத் தள்ளிப் போடாதீங்க. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மஞ்சள் காமாலை, ரத்த அணுக்கள் எல்லாமே சேர்ந்து சரியறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அபூர்வமா கிகுச்சியே மூளைச்சவ்வையும் எலும்பு மஜ்ஜையையும் தொடறது உண்டு.

ரிப்போர்ட் வந்ததும் லேப்ல ஸ்லைடையும் பாரஃபின் பிளாக்கையும் (கட்டியோட திசுவை மெழுகுல பதிச்சு வெச்சிருக்குறது) கேட்டு வாங்கி பத்திரமா வெச்சுக்குங்க, அது உங்க உரிமை. ரிப்போர்ட்ல 'லிம்ஃபோமாவா இருக்கலாம்', 'கிகுச்சியா இருக்கலாம்'னு தயங்கி எழுதியிருந்தா, இன்னொரு தடவை ஆபரேஷன் தேவையில்ல, அதே பிளாக்கை வேலூர் சி.எம்.சி. மாதிரி நெறிக்கட்டி நிறைய பார்க்குற இடத்துக்கு எடுத்துட்டுப் போய் ரெண்டாவது கருத்து வாங்கலாம். கிகுச்சின்னு உறுதியாச்சுன்னா கல்ச்சர் நெகட்டிவ்னு வர்ற வரைக்கும் டாக்டர் தொடர்புல இருங்க, அப்புறம் முதல் வருஷம் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்கப்புறம் சில வருஷம் வருஷத்துக்கு ஒரு தடவை யூரினும் ரத்தமும் பார்த்துட்டா போதும். நூத்துல மூணு நாலு பேருக்கு மறுபடி கட்டி வரும்னு பழைய கணக்கு, சில ஆய்வுகள்ல அதை விடக் கூட, அப்படி வந்தா பழைய பிளாக் கையில இருந்தா பார்க்குற பெதாலஜிஸ்டுக்கு வேலை பாதி முடிஞ்ச மாதிரி.